மேல்மாடி ஆர்கனுக்குக் கீழ்வீட்டுக் காற்று

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவின் சமூகத்துக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மேல்மாடியில் நானும் என் மனைவியும் நலம். கீழ்வீட்டில் சின்னவனும் அவன் மனைவியும் நலமாக இருப்பதை உன் கடிதத்தின் மூலம் அறிந்து மகிழ்ந்தேன். பதினெட்டுப் படிக்குக் கீழே என் சொந்தத் தம்பிக்குச் சளி பிடித்ததும் விட்டதும் உன் ஊருக்குப் போய், உன் கையெழுத்தில் திரும்பி வந்துதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் கண்ணை உத்தேசித்து வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு டைப் செய்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு. தயவுசெய்து இந்த ஒரு தடவையாவது வரிசையாகப் படி.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் கண்டேன். முதலாவது, கண் ஆபரேஷனுக்காக நம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்க வேண்டியவள், நானும் சின்னவனும் ஒரே வண்டியில் ஒன்றாக ஸ்டேஷனுக்கு வந்து உன்னை அழைத்துப் போகாவிட்டால் லாட்ஜில் ரூம் எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். மேலே சாப்பிடுவதா கீழே சாப்பிடுவதா என்று வழக்கு நடக்கும் வீட்டில் உனக்குச் சோறு இறங்காது என்றும் எழுதியிருக்கிறாய். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு நீ லாட்ஜ் மாடிப்படியில் தடவித் தடவி இறங்குவதை நினைத்து இரண்டு நாள் எனக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டாவது, இந்த வயதில் ஆர்கன் வாங்கியிருக்கிறாயாமே, புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். சின்னவன் மனைவிதான் உனக்கு எழுதியிருப்பாள். முதலாவதற்குப் பதில் இரண்டாவதற்குள் இருக்கிறது. ஆகவே இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கோர்ட்டில் நாற்பது வருடம் டைப் அடித்தவன் நான். ஓய்வு எனக்குத்தான் வந்ததே தவிர என் விரல்களுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டுகின்றன, பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் தட்டுகின்றன, முன்சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் அவர் தோளிலும் தட்டுகின்றன. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நர்ஸிடம் ஏதோ சொல்லச் சொல்ல, நான் நாற்காலியின் கைப்பிடியில் அவர் சொன்னதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேனாம். நர்ஸ் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தெருக் கோடியில் இருக்கும் சின்னப் பிரார்த்தனைக் கூடத்தில் மின்சார வாத்தியம் வாங்கிவிட்டார்களாம். பழைய குழல் ஆர்கன், சிறியது, வீட்டுக்கும் ஏற்றது, நேரில் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினேன். என் மனைவி அப்போதே தையல் மெஷினை நிறுத்திவிட்டு, எதை ஹாலில் இருந்து நகர்த்த வேண்டியிருக்கும் என்று கேட்டாள்.

அக்கா, அதை நீ பார்க்க வேண்டும். ஒரு பெரிய பீரோ அளவு மரப்பெட்டி. அதற்குள் மரத்திலும் உலோகத்திலுமாக நூற்று ஐம்பத்துச் சொச்சம் குழல்கள். சுண்டுவிரல் அளவுக் குழலில் இருந்து என்னைவிட உயரமான குழல் வரை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்பது போல நிற்கின்றன. முன்னால் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். பெட்டியின் அடியில் துருத்தி, பக்கவாட்டில் அதை இயக்க ஒரு மரப்பிடி. ஒருவர் பிடியை மேலும் கீழும் அடித்துக் காற்றுப் போட வேண்டும், இன்னொருவர் கட்டையை அழுத்த வேண்டும், அப்போதுதான் சத்தம். துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட, ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்குகிறது, காற்று நிரம்பினால் இறங்கும், குறைந்தால் ஏறும். நான் பார்த்தது கட்டைகளைத்தான். டைப் மெஷினில் நாலு வரிசை, இதில் இரண்டே வரிசை. நாலு வரிசையில் நாற்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இரண்டு வரிசை எம்மாத்திரம் என்று நினைத்தேன். கூடத்தின் காவல்காரர் ஒரு கையால் காற்றுப் போட்டு மறு கையால் வாசித்தும் காட்டினார். அது சின்னப் பாட்டு, அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, வயதாகிவிட்டது, கொஞ்சம் மூச்சு வாங்கும் என்றார். அவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று உபசாரம் செய்தேன்.

வாங்கியாகிவிட்டது. குழல்களைக் கழற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். எந்தக் குழல் எந்த ஓட்டையில் இருந்தது என்று, ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து மூன்று நகல் சீட்டு டைப் செய்தேன். ஒன்று குழலில், ஒன்று ஓட்டையில், ஒன்று ஃபைலில். காவல்காரர் இப்படி ஒரு மனிதரை இதுவரை பார்த்ததில்லை என்றார், பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெட்டியைச் சுமந்து வந்த நாலு பேர் நம் வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். மேலே போக முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை. நான் மேலே இருந்து சட்டப்படி ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கீழே கதவு திறந்தது. சின்னவன் வந்து நின்றான். பஞ்சர்க் கடைக்குக் கிளம்பியவன், கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், முன்னால் இருந்த ஆளிடம், தலைப்பக்கத்தைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துத் திருப்புங்க, தானா வந்துடும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தானாக வந்துவிட்டது. நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவன் என்னிடம் பேசவில்லையே, நான் எப்படிச் சொல்வது?

ஹாலில் இருந்த துணி அலமாரி பாத்ரூம் வழிக்குப் போனது. தையல் மெஷின் பால்கனிக்குப் போனது. உயரமான குழல் மின்விசிறியில் இடிக்கும் போல இருந்ததால் விசிறியைக் கழற்றினோம். ஒன்பது நாள் உட்கார்ந்து சீட்டுப் பார்த்துக் குழல்களை மாட்டினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்தாம் நாள் என் மனைவி பிடியை அடித்துக் காற்றுப் போட, ஈயக்குண்டு இறங்க, நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பத்து விரலாலும் விறுவிறுவென்று அடித்தேன். சத்தமே வரவில்லை. கட்டைகள் மட்டும் டொக்கு டொக்கு என்றன. மறுபடியும் அடித்தேன், இன்னும் வேகமாக. அங்கங்கே எலி கத்துவது போல ஒன்றிரண்டு கீச்சு. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் எத்தனை பக்கம் டைப் அடிக்கப் போறீங்க, அழுத்தின விரலை எடுக்காம அப்படியே வையுங்க என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினில் விரலை வைத்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். நாற்பது வருடம் அதைத்தான் பழகியிருக்கிறேன். ஆர்கனில் விரலை வைத்தால் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இருக்கும் வரைதான் சத்தம். ஒரு கட்டையை அழுத்தி அப்படியே பிடித்தேன். அந்தப் பெரிய மரக்குழல் ஒரு கணம் தயங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசியது. பால்கனிக் கண்ணாடி அதிர்ந்தது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அடுத்த நிமிடமே அது அழ ஆரம்பித்தது. சத்தம் இறங்கி இறங்கி, முனகி, நின்றேபோனது. ஈயக்குண்டு ஜிவ்வென்று மேலே ஏறிவிட்டது. என் மனைவி விடாமல் அடித்தும் காற்று நிற்கவில்லை. பெட்டிக்குள் எங்கெங்கோ புஸ் புஸ் என்ற சத்தம். மூச்சு வாங்குவது காவல்காரருக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தினம் அரைமணி நேரம் அவள் அடிப்பாள், நான் ஒரு வரி வாசிப்பேன், அது மயங்கி விழும். கால் வைத்து ஒரு மெஷின் ஓட்டுகிறேன், கையால் இன்னொரு மெஷின் ஓட்டச் சொன்னால் நான் மனுஷியா, இன்ஜினா என்று கேட்டாள். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். டைப் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, எல்லாக் கட்டைகளின் இடுக்கிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். கட்டைகளின் அடியில் கம்பளித் துணி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது எண்ணெயைக் குடித்து உப்பிவிட்டது. நடுவில் ஒரு கட்டை அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிட்டது. அதன்பிறகு யார் காற்றுப் போட்டாலும், நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், அந்த ஒரு சத்தம் மட்டும் பீ என்று வந்துகொண்டே இருந்தது. தூரத்து ஊரில் ஆர்கன் பழுது பார்க்கும் நிபுணர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆறு பக்கம் எழுதினேன். பதில் கார்டில் வந்தது. எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் வருவேன், அதுவரை எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே போட்டிருந்தால் எனக்கு எழுத வேண்டாம் என்று இருந்தது.

கார்டை வாங்கிப் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள், இந்த ஊரிலேயே காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதில் கைதேர்ந்த ஆள் நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறார் என்று. எனக்குத் தெரியாதா? எனக்கு அது முதல் நாளே தெரியும். எதற்காக நாங்கள் பேசவில்லை என்று நீ மூன்று வருடமாகக் கேட்கிறாய், நானும் மழுப்பிக்கொண்டே வந்தேன், வெட்கம்தான். இப்போது சொல்லிவிடுகிறேன். அப்போது அவன் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் பின்கட்டில் வைத்திருந்தான். சாயந்திரம் நான் தீர்ப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து டைப் செய்ய உட்காரும் நேரம், அதுவும் டட்டட்டட் என்று ஆரம்பிக்கும். என் விரல்கள் என் பேச்சை விட்டுவிட்டு அதன் தாளத்துக்குப் போய்விடும். ஒரு தீர்ப்பில் ஆயுள் தண்டனையை இரண்டு தடவை அடித்துவிட்டேன். இந்த ஆளுக்கு எத்தனை ஆயுள் என்று நினைத்தீர் என்று ஜட்ஜ் என்னை எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த ரோஷத்தில் வீட்டுக்கு வந்து ஒரு மனு தயார் செய்தேன். மனுதாரர் நான், எதிர்மனுதாரர் மனுதாரரின் சொந்தத் தம்பி. மேற்படி பாகம் பிரிக்கப்படாத வீட்டின் பின்கட்டில் மேற்படி இயந்திரம் என்று ஆரம்பித்துப் பதினோரு பத்தி. கோர்ட்டில் இருந்து போகும் தபால் மாதிரியே நீளமான பழுப்புக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் மாடியில் இருந்து கீழ்வீட்டுக்கு அனுப்பினேன். பதினெட்டுப் படி இறங்கிப் போய், டேய், சத்தம் தாங்கலைடா என்று மூன்று சொல்லில் முடித்திருக்கலாம். என்னத்தைச் சொல்ல, டைப் அடிக்காத பேச்சில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை வந்ததில்லை.

தபால்காரர் சொல்லித்தான் என் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டாள். சட்ட விஷயம், உனக்குப் புரியாது என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் சின்னவன் கம்ப்ரஸரை ஒரு வேனில் ஏற்றி, மூன்று தெரு தள்ளி பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டான். ஏற்றும்போது மேலே ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். நானாகப் போய் முதலில் பேசுவதா என்று நானும் வீறாப்பாக இருந்துவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது, அக்கா. நான் மனுவில் கேட்டது அந்த அமைதியைத்தான், கிடைத்த பிறகு அது எனக்குப் பிடிக்கவில்லை. மேஜையில் நான் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. ஆர்கன் வாங்கினது விரல் சும்மா இல்லாததால் என்று உனக்கு மேலே எழுதினேன். அது பாதிதான் உண்மை. வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்பது மீதி.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது என் மனைவி சின்னவன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் அதே கொடிக்கயிற்று வழியாகக் கேள்வி வந்தது. துருத்தி தோலா, ரப்பரா, ஒழுகும் சத்தம் ஒரே இடத்திலா, பல இடத்திலா? நான் சும்மா இருந்திருக்கலாம். மூன்று பக்கம் பதில் டைப் செய்து, இரண்டு நகலோடு அனுப்பினேன். சாயந்திரம் அது திரும்பி வந்தது. மேலே கிரீஸ் விரல் அடையாளம், அதன் குறுக்கே பென்சிலால் 'பார்க்கணும்' என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். எப்போது பார்க்கணும், யார் கூப்பிடணும் என்று ஒன்றும் இல்லை. நான் கூப்பிடுவதாக இல்லை. போன புதன்கிழமை பல் டாக்டரிடம் போனேன், அவருக்கே பல்வலி என்று மூடிவிட்டுப் போயிருந்தார். சீக்கிரமே வீடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது. என் மனைவி பிடியை அடித்துக்கொண்டிருந்தாள், பீ என்று அந்த ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சின்னவன் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை நனைத்துக்கொண்டு, அதைத் துருத்தியின் மடிப்புக்குப் பக்கத்தில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தான். பஞ்சர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம், கைக்குத் தெரியாத காற்று ஈரக் கன்னத்துக்குத் தெரியுமாம். ஒழுகும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தான். அவன் தலை நடுவில் சொட்டை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், மூன்று வருடம் குனிந்த தலையையே பார்த்தும் கவனித்ததில்லை.

அவன் என்னைப் பார்த்துவிட்டான், எழுந்திருக்கவில்லை. அண்ணி, வந்தவங்களை உட்கார்ந்து பெரிய குழலோட கட்டையை அழுத்தச் சொல்லுங்க என்றான். என் மனைவி என்னைப் பார்த்து, அழுத்தச் சொல்றார் என்றாள். எவ்வளவு நேரம் என்று அவரைக் கேள் என்றேன். எவ்வளவு நேரம்னு கேக்கறார் என்றாள். நான் சொல்ற வரைக்கும்னு சொல்லுங்க என்றான். இப்படி நாலு நடை போனதும் அவள் பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மூணு வருஷமா மாடிக்கும் தரைக்கும் தபால்காரி வேலை பார்த்தாச்சு. எனக்குக் கை வலிக்குது, வாய் அதைவிட வலிக்குது. நான் டீ போடப் போறேன், நீங்களாச்சு உங்க ஆர்கனாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பீ நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் அந்த மரப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லாமல் ஒழுகலைத் தேட முடியாது, அவன் தேடினால் காற்றுப் போட ஆள் வேண்டும். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பிடியை எடுத்தேன். கட்டையை அழுத்த ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணெய் குடித்த கட்டை தானாகவே அழுத்திக்கொண்டு பாடியது. எண்ணெய் போட்டது தப்பு என்று எல்லாரும் சொன்னார்களே, அன்றைக்கு அதுதான் கை கொடுத்தது. நான் அடிக்க அடிக்க அவன் பெட்டியின் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் புகுந்தான். அவன் முகம் தெரியவில்லை, செருப்பில்லாத கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. அங்கேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, விட்டுடாதே. இன்னும் கொஞ்சம் போடு."

அக்கா, நீ சாட்சி. முதலில் பேசியது அவன்தான். இதை நன்றாகக் குறித்துக்கொள், பின்னால் வேறு மாதிரி வாக்குமூலம் வந்தால் நம்பாதே. நான் "போடறேன்டா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அடித்துக்கொண்டும் இருந்தேன். மொத்தம் பதினேழு இடம். பதினேழுக்கும் அவன் டியூப் ரப்பரை வெட்டி, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினான். பெட்டியே லாரி டயர் மாதிரி நாறியது. கடைசியில் எண்ணெய் குடித்துச் சிக்கின கட்டையையும் நெம்பி மேலே தூக்கிவிட்டான், பீ நின்றது. டீ வந்ததும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். அப்போது ஈயக்குண்டைப் பார்த்தோம், இறங்கின இடத்தில் அசையாமல் நின்றது. ஒரு டீ குடித்து முடியும் வரை அசையவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் நான் நாலு வரி முழுசாக வாசித்தேன். அவன் காற்றுப் போட்டான். தப்பாக வாசித்தால் அவனுக்குத் தெரியாது, அவன் காற்றுப் போட்டதில் எனக்கும் குறை தெரியவில்லை.

அதற்கு மறுநாள் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். கையால் எதற்கு அடிக்க வேண்டும், உன் கம்ப்ரஸரைப் பின்கட்டுக்கே திரும்பக் கொண்டுவாயேன், ஒரு குழாய் போட்டு மேலே இழுத்துக்கொள்ளலாம் என்றேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, லாரி டயருக்குப் போடற காத்து இது, உன் பெட்டி தாங்காது அண்ணே என்றான். நான் பிடிவாதம் பிடித்தேன். கம்ப்ரஸர் வந்தது. குழாயை மாட்டித் திறந்ததும் சுண்டுவிரல் குழல் ஒன்று ஓட்டையில் இருந்து கிளம்பி, மின்விசிறி இருந்த கொக்கியில் மோதி, பால்கனியில் தைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் மடியில் விழுந்தது. அதில் நான் ஒட்டிய சீட்டு இருந்ததால் எந்த ஓட்டை என்று உடனே கண்டுபிடித்துவிட்டோம். மறுபடியும் கைக்காற்றுதான். ஆனால் கம்ப்ரஸரை அவன் திருப்பி எடுத்துப் போகவில்லை, நானும் எடுத்துப் போகச் சொல்லவில்லை. இப்போது சாயந்திரம் அது பின்கட்டில் ஓடுகிறது. சத்தம் அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை.

ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அந்த மனுவைப் பற்றி அவன் இதுவரை ஒரு சொல் பேசவில்லை. பதினோரு பத்தி படித்தவன், எதிர்மனுதாரர் என்று என் கையால் அடிக்கப்பட்டவன், ஒரு குத்தல் பேச்சுக்கூட இல்லாமல் என் துருத்தியை ஒட்டிக் கொடுத்திருக்கிறான். எவ்வளவு பெரிய மனசு பார். மேற்படி மனுவை வாபஸ் பெறுகிறேன் என்று ஒரு பக்கம் டைப் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், நாலு நாளாகக் கொடுக்க வாய் வரவில்லை. நீ வந்த பிறகு உன் முன்னிலையில் கொடுக்கிறேன்.

ஆகவே நீ லாட்ஜுக்கு எழுதியிருந்தால் உடனே வேண்டாம் என்று எழுதிவிடு. நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் வருவோம், அவன் ஓட்டுவான், நான் வழி சொல்லுவேன். சாப்பாடு மேலேதான். கீழே என்று அவன் சொல்லுவான், முதல் பதினைந்து நாளை வேண்டுமானால் அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேன், எழுத்து மூலமாக. கட்டுப் பிரிக்கும் வரை கண்ணுக்கு வேலை இல்லாதபோது காதுக்கு நான் இருக்கிறேன். அத்தானுக்கு என் நமஸ்காரத்தையும் என் மனைவியின் நமஸ்காரத்தையும் சொல். வயதில் மூத்தவள், எங்கள் நாலு பேரையும் சேர்த்தே ஆசீர்வாதம் செய், தனித்தனியாக வேண்டாம். கவர் ஒட்டும் பசை தீர்ந்துவிட்டதால் இதைச் சின்னவனிடமே கொடுத்து, கடையில் சொல்யூஷன் தடவி ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். படித்துவிடுவான் என்ற பயம் இல்லை. டைப் அடித்த காகிதத்தில் நாலு வரிக்கு மேல் அவன் எதையும் படித்தது கிடையாது.

இப்படிக்கு,
உன் பெரிய தம்பி,
ஓய்வு பெற்ற தட்டச்சர்,
மேல்மாடி.

பி.கு.: அக்கா, இது சின்னவன் எழுதறது. கை கிரீஸா இருக்கு, கறை பட்டா மன்னிச்சுக்கோ. ஒட்டத்தான் எடுத்தேன். எங்க ரெண்டு பேரைப் பத்தி இருக்கேன்னு கடை வாசல்லயே உட்கார்ந்து முழுசும் படிச்சுட்டேன். முதல்ல பேசினது நான் இல்லை. நான் பெட்டிக்குப் பின்னாடி புகுந்தப்ப, "பார்த்துடா, அங்கே ஆணி இருக்கு, கையைக் கிழிச்சுக்காதே"ன்னான். அதுக்கப்புறம்தான் நான் அண்ணேன்னேன். தான் பேசினதே அவனுக்குத் தெரியலை. அது போகட்டும். அந்த ரிஜிஸ்டர் கவரை நான் பிரிக்கவே இல்லை, அக்கா. கோர்ட் கவர், அரக்கு எல்லாம் பார்த்ததும் கை கால் ஓடலை. என்னன்னு அண்ணியைக் கேட்டேன், ஏதோ சட்ட விஷயமாம்னாங்க. அண்ணன் வீட்டைப் பாகம் பிரிக்கக் கேஸ் போட்டுட்டான்னு முடிவு பண்ணிட்டேன். படிச்சா பதில் சொல்லணும், படிக்காத வரைக்கும் அவன் என் அண்ணன்தானேன்னு கடை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலை. எப்படியும் காலி பண்ணணும்னுதான் கம்ப்ரஸரை முதல்ல நகர்த்தினேன். படியில பார்த்தா, எப்பக் காலி பண்றேன்னு கேட்டுடுவானோன்னு பயந்துதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். மூணு வருஷம். கம்ப்ரஸரைத் திரும்பக் கொண்டுவான்னு அவன் சொன்னப்பக்கூட எனக்கு ஒண்ணும் புரியலை. இன்னைக்குத்தான் கவரைப் பிரிச்சேன். பதினோரு பாராவும் சத்தத்தைப் பத்தித்தான். கடைசிப் பாராவுல, சாயந்திரம் ஏழு மணிக்கு மேல மட்டும் நிறுத்தி வெச்சாப் போதும், எதிர்மனுதாரர் தொழிலுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னு அடிச்சிருக்கான். ஒரு சுவிட்சு, அக்கா. அணைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இதை அவன்கிட்டச் சொல்லிடாதே. வீட்டைப் பிரிப்பான்னு நான் அவனை நெனச்சேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டான். படிச்சுட்டு மன்னிச்சவன்னே என்னை நெனச்சுக்கட்டும். நீ கிளம்பற தேதியை எழுது, ரெண்டு பேரும் வர்றோம். மேலேயிருந்து கூப்பிடறான், காத்துப் போட ஆள் வேணுமாம். போறேன்.